கடைத்தெருவுக்கு வேண்டியது சரக்குப் பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுகடைக்காரர்களுக்கான கடன் முகாம் செய்திகள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. நெல்லை டவுன் ரத வீதிகளிலும், பாளை மார்க்கெட்டைச் சுற்றியும், அம்பை, வள்ளியூர், களக்காடு கடைத்தெருக்களிலும் ஏற்கெனவே கடை நடத்திக்கொண்டிருப்பவருக்கு அந்த முகாமில் பொருந்துவது மிகக் குறைவு. பலருடைய கடைக் கணக்கைப் பார்க்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மாநில அரசின் வேலையற்ற இளைஞர் திட்டத்தில் வியாபாரத்துக்கும் கடன் உண்டு, 25 சதவீத மானியமும் உண்டு. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்குத்தான். பிரதமரின் ஸ்வநிதிக் கடன் 2025 மாற்றத்துக்குப் பிறகு 15,000, 25,000, 50,000 என்று மூன்று கட்டமாகக் கிடைக்கிறது. அது தெருவோர வியாபாரிக்கு. கூரைக்குக் கீழே கல்லா போட்டவர் அதில் வர மாட்டார். சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு 2021 ஜூலை முதல் சில்லறைக் கடைக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனால் வங்கியின் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு பயனுக்கு மட்டும். பாக்கிப் பணத்தை 45 நாளில் வசூலிக்கும் சட்டப் பாதுகாப்பு வியாபாரிக்குக் கிடையாது. இதைச் சொல்லாமலே பதிவு செய்து கொடுத்து ஐந்நூறு, ஆயிரம் வாங்குகிற இடங்கள் இருக்கின்றன. அந்தப் பதிவுக்குக் கட்டணமே இல்லை.

மிச்சம் இருப்பது மத்திய அரசின் முத்ரா கடன் திட்டம். 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. இங்கே சிக்கல் தொகையில் இல்லை, கடனைத் தரும் விதத்தில் இருக்கிறது. பெரும்பாலும் தவணைக் கடனாகத்தான் தருகிறார்கள். மொத்தமாக வாங்கி 36 அல்லது 60 மாதம் கட்ட வேண்டும். ஃப்ரிட்ஜ், தையல் மிஷின் வாங்க அது சரி. ஜவுளிக் கடைக்கு ஆவணியில் சரக்கெடுக்கப் பணம் வேண்டும், தீபாவளி முடிந்ததும் அது திரும்பிவிடும். பலசரக்குக் கடையில் எண்ணெயும் பருப்பும் வாராவாரம் புரளும். இதற்கெல்லாம் எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி கட்டுகிற ஓவர்டிராஃப்ட்தான் ஒத்து வரும். முத்ராவிலேயே அதற்கு இடமிருக்கிறது. விண்ணப்பத்தில் ‘நடைமுறை மூலதனம்’ என்று எழுதிக் கேட்கிறவர் கம்மி, கேட்காமல் தருகிற மேலாளர் அதைவிடக் கம்மி.

அது கிடைக்காததால் தண்டல் வருகிறது. பத்தாயிரம் என்று பேசி, ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு, ஒன்பதாயிரம் கைக்கு வரும். தினம் நூறு வீதம் நூறு நாள். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 77 சதவீதத்தைத் தாண்டுகிறது. லட்ச ரூபாய்த் தண்டலில் நூறு நாளில் பத்தாயிரம் போகும். வங்கியில் 12 சதவீத வட்டிக்கு அதே தொண்ணூறாயிரத்தை எடுத்து, அதே போல நாள்தோறும் கட்டினால் வட்டி ஏறக்குறைய 1,500 ரூபாய்.

எவ்வளவு கேட்கலாம்? சிறு நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கும் கணக்கு எளிது. வரும் ஆண்டில் எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம் வங்கி தரும் கடன் லிமிட், 5 சதவீதம் கடைக்காரர் கைப்பணம். தினம் ஆறாயிரத்து ஐந்நூறு, ஏழாயிரம் என்று ஆண்டுக்கு 24 லட்சம் விற்கும் கடை 4,80,000 வரை கேட்கலாம்.

விற்பனையைக் காட்டுவதில்தான் விண்ணப்பம் விழுந்துவிடுகிறது. வாசலில் ஒட்டியிருக்கும் ஸ்கேன் அட்டை மகன் பெயரிலோ தம்பி பெயரிலோ உள்ள சேமிப்புக் கணக்கோடு சேர்ந்திருக்கும். வங்கி பார்க்கிற நடப்புக் கணக்கில் மாதம் பதினைந்தாயிரம்தான் தெரியும். முதல் வேலையாகக் கடைப் பெயரிலுள்ள நடப்புக் கணக்குக்கு அந்த அட்டையை மாற்ற வேண்டும். கல்லாப் பணத்தையும் அதிலேயே கட்டி, ஆறு மாதமாவது ஓட்ட வேண்டும். அடுத்தது வருமான வரிக் கணக்கு. 2 கோடி வரை விற்பனை உள்ளவர் முழுப் பேரேடு எழுத வேண்டியதில்லை. ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி விற்பனையில் 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும். 24 லட்சத்துக்கு லாபம் இரண்டு லட்சத்தைத் தொடாது, வேறு வருமானம் இல்லாவிட்டால் வரி வராது. ஆனால் இரண்டு ஆண்டுக் கணக்கு கையில் இல்லாமல் பெரிய லிமிட்டுக்கு எந்த வங்கியும் அசையாது. ஜிஎஸ்டி மாட்டிக்கொள்ளும் என்று பயந்து பாதி விற்பனையை மறைக்கிறவர்களும் உண்டு. பொருள் விற்கும் கடைக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தப் பதிவே கட்டாயம்.

பிறகு காகிதங்கள். அட்வான்ஸ் கைக்குக் கை போயிருக்கும், வாடகைச் சீட்டு இருக்காது. தொழில் உரிமம் காலமான அப்பா பெயரிலேயே புதுப்பிக்கப்பட்டு வரும். கோயில் கட்டடமாக இருந்தால் ரசீது தாத்தா பெயரில். விண்ணப்பிப்பவர் பெயரும் உரிமத்திலுள்ள பெயரும் ஒட்டாவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். மாவட்டத்தின் வங்கிக் கடன்களை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியும் மாவட்டத் தொழில் மையமும் கடன் முகாமுக்கு ஆறு மாதம் முன்பே தெருத்தெருவாக ஒரு மேஜை போட்டு, உரிமப் பெயர் மாற்றம், நடப்புக் கணக்கு, வரிக் கணக்கு மூன்றையும் முடித்துத் தரட்டும். அதற்குப் பிறகு முகாம் நடந்தால் பலன் உண்டு.

அடுத்தது கடனோடு சம்பந்தமில்லாத உதவி. காசு அதிகம் செலவாகாதது என்பதால்தானோ என்னவோ அதை யாரும் அறிவிப்பதில்லை. வாறுகால் (மழைநீர் வடிகால்) வேலையும் பாதாளச் சாக்கடை வேலையும் கடைத்தெருவில் ஆவணிக்குப் பிறகு தொடங்கவே கூடாது. தீபாவளி விற்பனையும் ஐப்பசி மழையும் ஒன்றாக வரும் ஊர் இது. தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் பொங்கல் வரை வேலை இழுக்கும். தை முடிந்து தொடங்கி வைகாசிக்குள் முடிக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தோண்டாமல் ஒரு பக்கத்தை நாற்பது மீட்டர் துண்டுகளாக எடுத்து, கடைக்கு ஒரு இரும்புத் தகடு போட்டு வழிவிட வேண்டும். மூடிப் பலகைகளை முன்கூட்டியே வார்த்து வைத்தால் காங்கிரீட் இறுகும்வரை வாசல் அடைபட்டுக் கிடக்காது. தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். அது எங்கே நடக்கிறது, எங்கே நடக்கவில்லை என்பதைக் கடைப்படியைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். ஒரு முறைக்கு 4 சென்டிமீட்டர் என்றாலும் ஐந்து முறையில் தெரு 20 சென்டிமீட்டர் உயர்ந்து, ஒரு படி இருந்த கடை பள்ளத்துக்குள் போய்விடும். மழைத்தண்ணீர் வாறுகாலுக்குப் போகாமல் மூடைகளுக்கு அடியில் வரும்.

காப்பீட்டையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் நெல்லை சந்திப்புக் கடைகளுக்குள் புகுந்தது. சிறு நிறுவனங்களுக்கென்று ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. வெள்ளமும் அதில் அடங்கும். இதில் தவறு நடப்பது தொகையில். சாதா மாதச் சரக்கை வைத்து 2 லட்சத்துக்குப் பாலிசி எடுத்திருப்பார். சரக்கு 5 லட்சம் இருக்கும்போது இரண்டரை லட்சம் சேதமானால், பாலிசித் தொகை சரக்கு மதிப்பில் ஐந்தில் இரண்டு பங்குதான் என்பதால் சேதத்திலும் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது ஒரு லட்சம்தான் வரும். குடோன் வேறு தெருவில் இருந்தால் அந்த முகவரியும் பாலிசியில் ஏற வேண்டும். நனைந்த சரக்கை, சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டுச் சர்வேயர் பார்க்கும்வரை எறியக் கூடாது. ஆனால் நாற்றம் எடுப்பதற்குள் மாநகராட்சி வண்டி வந்து அள்ளிவிடும். அதுவும் சுகாதாரத்துக்குத் தேவைதான். அள்ளுவதற்கு முன் கடைவாரியாகப் படமெடுத்து, தேதியிட்ட சேதப் பட்டியலில் கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திட்டுத் தரும் நடைமுறையை மாவட்ட நிர்வாகம் இந்த ஐப்பசிக்குள் உத்தரவாகப் போட வேண்டும்.

இப்படிக்கு,
கடைக் கணக்கு எழுதுபவர்,
பாளையங்கோட்டை.