பண்டோராவுக்கு எதற்கு இவ்வளவு கறுப்பு?

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய பண்டோரா படம் கிடைத்தது. கைகளும் துணி மடிப்பும் அருமை. ஆனால் கண்ணுக்குக் கீழே எதற்கம்மா அவ்வளவு கறுப்பு? கிரேக்கக் கதையில் அவள் ஜாடியைத் திறந்த பிறகுதான் உலகத்துக் கஷ்டமெல்லாம் வெளியே வந்தது. நீயோ, அவள் அதைத் திறக்கும் முன்பே குற்றவாளி ஆக்கிவிட்டாயே.

ஆங்கிலேயச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மேன் வரைந்த பண்டோராவைப் பார். நம் தஞ்சாவூர் ஷ்வார்ட்ஸ் தேவாலயத்தில் இருக்கும் சலவைக்கல் சிற்பம், சரபோஜி மன்னர் சொல்லி அவர் செய்ததுதான். பழைய கிரேக்கக் கவி ஹெசியோடின் கதைகளுக்கு அவர் வரைந்த படங்கள் 1817இல் வெளிவந்தன. அச்சடிப்பதற்கான 37 தகடுகளையும் செதுக்கியவர் அவருடைய நண்பர், கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக். தேவர்கள் பண்டோராவை அலங்கரிக்கிறார்கள், அவளை மணக்கப்போகும் எபிமெதியஸிடம் கொண்டுவந்து சேர்க்கிறார்கள், அப்புறம்தான் ஜாடி. எதிலும் நிழல் கிடையாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடே பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பிரியும். அதனால் உடம்பின் விளிம்பு இளகித் தெரிகிறது.

ஹோமரின் ஒடிசி காவியத்துக்கு ஃபிளாக்ஸ்மேன் வரைந்து, 1793இல் ரோமில் பிரோலி செதுக்கிய படங்களில் கோடு கம்பி மாதிரி நிற்கும். நெய்து முடித்ததும் மறுமணம் என்று சொல்லிவிட்டு, ராத்திரியில் பெனலோபி தான் நெய்ததைப் பிரிக்கும்போது, அவளை மணக்கக் காத்திருப்பவர்கள் வந்துவிடுகிறார்கள். கையும் களவுமாக அகப்படும் நேரம்! அதற்குக்கூட ஃபிளாக்ஸ்மேனுக்கு நிழல் வேண்டியிருக்கவில்லை. பாடி மாலுமிகளை மயக்கும் சைரன்கள் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. அவர்கள் பாட்டைக் கேட்டு யாரும் கப்பலை விட்டுக் குதிப்பார்கள் என்று தோன்றவில்லை.

ஜெர்மன் கவி கதேவுக்கு இந்தப் படங்கள் அவ்வளவாக ஒப்பவில்லை. ஃபிளாக்ஸ்மேன் அரைகுறை ரசிகர்களின் தெய்வம் என்று 1799இல் எழுதிவைத்தார். அதே வருஷம் ஜெர்மன் விமர்சகர் ஷ்லேகல், கோடுகளை மட்டும் கொடுத்தால் மீதியைப் பார்ப்பவரின் கற்பனை நிரப்பிக்கொள்ளும் என்றார். நான் ஷ்லேகல் கட்சி. நிழல் போட்டால் அவள் நல்லவளா கெட்டவளா என்று நீயே சொல்லிவிடுகிறாய்.

இருட்டு வேண்டுமென்றால் லண்டன் டேட் காலரியில் இருக்கும் ஹெகேட்டைப் பார், மாந்திரீகத்துக்கான கிரேக்கத் தேவதை. பிளேக் சுமார் 1795இல் செய்த அச்சுப்படம். இப்போது அவளை எனிதார்மன் என்று, பிளேக் தானே படைத்த ஒரு பாத்திரம் என்கிறார்கள், போகட்டும். ஆந்தை, கழுதை, தரையில் விரித்த புத்தகம். அவள் ராத்திரிக்காரி, அவளுக்கு இருட்டு பொருந்தும். பண்டோரா அப்படியா?

லண்டனிலேயே இருந்துகொண்டு இதையெல்லாம் போனில் பார்க்காதே. பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சுப்பட அறையில் முன்பதிவு செய்துகொண்டு போ, காசு கிடையாது. யூனிவர்சிட்டி காலேஜ் நூலகத்தின் குவிமாடத்துக்குக் கீழே ஃபிளாக்ஸ்மேனின் பிளாஸ்டர் மாதிரிகளும் இருக்கின்றன.

கறுப்பை எடுத்துவிட்டு ஒரு பிரதி அனுப்பு. வாட்ஸ்அப் வேண்டாம், மெயிலில் போடு. வாட்ஸ்அப்பில் வந்தால் கோடெல்லாம் மங்கிப்போகிறது.

அன்புடன்,
அப்பா