உணவுச்சாலை எங்கே கட்டப்படும்?

ஆசிரியர் அவர்கட்கு,

காங்கேசன்துறை, பரந்தன் கைத்தொழில் பேட்டைகளைப் பற்றி முதலீடு, வேலைவாய்ப்பு என்று எவ்வளவோ எழுதப்படுகிறது. மதிலுக்குள் அலுவலகமும் உணவுச்சாலையும் காவலாளியின் அறையும் எங்கே நிற்கும் என்று ஒருவரும் கேட்கக் காணோம்.

இதைத் தீர்மானிக்க இரண்டு வழிகள் உண்டு. தாங்கி வெடித்தால், வாயு கசிந்தால் பாதிப்பு எவ்வளவு தூரம் எட்டும் என்று கணித்து, அந்த எல்லைக்குள் ஆட்கள் இருக்கும் கட்டிடத்தை வைக்காமல் விடுவது, வைத்தால் தாங்கும்படி கட்டுவது ஒரு வழி. விபத்து நேரும் வாய்ப்பையும், உள்ளே எத்தனை பேர் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, விடை சிறிதாக வந்தால் அனுமதிப்பது மற்றது.

பழைய ஆலையில் எதை முதலில் திருத்துவது என்று தெரிய இரண்டாவது வழி உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு குழாய் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உடையும் என்ற தரவைப் பிறநாட்டு ஆலைகளிலிருந்துதானே இரவல் வாங்கப் போகிறோம்? அவர்களுடைய பராமரிப்பும் கூடவே வருமா? கடற்கரை உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பது காங்கேசன்துறையில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிற்றி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பில் இறந்த 15 பேரும் தற்காலிக ட்ரெயிலர் அலுவலகங்களிலோ அவற்றின் அருகிலோ இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். ‘கொஞ்ச நாளைக்குத்தானே’ என்று கணக்கில் சின்னதாகிப் போவது இத்தகைய கட்டிடங்கள்தான். நகர்த்தக்கூடிய கட்டிடங்களுக்கென்றே தனி வழிகாட்டி அங்கே 2007இல்தான் வந்தது. இங்கே எனக்குத் தெரிந்த ஓர் எரிவாயு சிலிண்டர் களஞ்சியத்தில் காவலாளியின் தகரக் கொட்டில் களஞ்சியச் சுவரோடு ஒட்டியே நிற்கிறது. உள்ளே தேநீர் அடுப்பு வேறு.

கசிவது குளோரின் போன்ற நச்சு வாயு என்றால் தூரம் மட்டும் போதாது. காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமான குளோரின் நிலத்தோடு படர்ந்து வரும். சோழகத்தில் ஒரு பக்கம் போவது வாடையில் மறுபக்கம் திரும்பும். ஆகவே ஒரே பருவத்துக் காற்றை வைத்து வரைந்த வரைபடத்தை நம்பக் கூடாது.

முதல் வழியிலும் கள்ளம் செய்யலாம். ஊசித்துளைக் கசிவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பாதிப்பு எட்டும் வட்டம் மதிலுக்குள்ளேயே அடங்கிவிடும். எனவே புதிய பேட்டைகளில் தூரத்தை முதலில் பாருங்கள், வாய்ப்புக் கணக்கைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரிய உடைப்பை எடுத்துக்கொண்டார்கள் என்பதை எழுதி, வரைபடத்தோடு பிரதேச சபையில் மக்கள் பார்வைக்கு வையுங்கள். தமிழிலும் வையுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பொறியியலாளர்,
தெல்லிப்பழை.