கலாவுக்கு, அந்தக் காதல் நாவலைப் பற்றி

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து நாளாகிறது. நீ கேட்டிருந்த நாவலை முழுசாகப் படிக்காமல் பதில் எழுத மனம் வரவில்லை, அதனால்தான் தாமதம். நேற்று ராத்திரி முடித்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. வாசலில் வருவது யார் என்று குரல் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார், அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நீ பழைய வேலையை விட்டுவிட்டதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு மூச்சு நிம்மதியாக வந்தது. அந்த இடம் உன்னை எப்படிக் கசக்கிப் பிழிந்தது என்று எனக்குத் தெரியும். புது இடத்தில் மனிதர்கள் எப்படி, உன்னைப் பேசவிடுகிறார்களா என்று விவரமாக எழுது.

சரி, நாவலுக்கு வருகிறேன். உன் மகள் நிலா அதைப் படித்துவிட்டு விம்மி விம்மி அழுதாள், நீ படித்தபோது உனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை, "எனக்கு வயசாகிவிட்டது, இந்த மாதிரிக் கதை இனி எனக்கு எட்டாது போல" என்று எழுதியிருந்தாய். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கலா. 12 முதல் 17 வயதுக்காரர்களுக்கு என்று வெளியிடப்படும் புத்தகங்களை வாங்குவோரில் 55 சதவீதம் பேர் 18 வயதைக் கடந்தவர்கள் என்று அமெரிக்காவில் புத்தகச் சந்தையை ஆராயும் பௌக்கர் நிறுவனம் 2012இல் கணக்கெடுத்துச் சொன்னது. அதில் பெரிய கூட்டம் 30 முதல் 44 வயது வரை உள்ளவர்கள். பெரும்பாலும் தாங்களே படிக்கத்தான் வாங்கினார்கள். ஒரு நல்ல இளையோர் நாவல் நம் வயதுக்காரர்களை அப்படியே கட்டிப்போட்டுவிடும். இது உன்னைக் கட்டிப்போடவில்லை என்றால் காரணத்தைப் புத்தகத்துக்குள்தான் தேட வேண்டும்.

எனக்கும் பெரிய ஏமாற்றம். எங்கள் பள்ளி நூலகத்தில் இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் பிள்ளைகள் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் தெரியும் ஆசையைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அது தொற்றிக்கொண்டது. அத்தனை ஆசையோடு வருகிறவர்களுக்கு உள்ளே இருப்பது இவ்வளவுதானா என்பதுதான் என் வருத்தம்.

அவ்வளவு பில்டப் எப்படி உருவாகிறது என்று உனக்குத் தெரிந்திருக்கும். புத்தகம் கடைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே முன்பிரதிகள் விமர்சகர்களுக்கும், நூலகர்களுக்கும், ரீல்ஸ் போடுகிறவர்களுக்கும் போய்விடுகின்றன. அழுதுகொண்டே கடைசிப் பக்கத்தை மூடும் முகங்களை இளைஞர்கள் முதலில் பார்க்கிறார்கள், கதையை அப்புறம்தான் படிக்கிறார்கள். எங்கே அழ வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பின்னட்டையில் மற்ற எழுத்தாளர்களின் பாராட்டு வேறு. அந்தப் பாராட்டுகளை வாங்கிவர எழுத்தாளர்களும் பதிப்பாசிரியர்களும் படும் பாட்டைப் பார்த்துத்தான், சைமன் அண்ட் ஷூஸ்டர் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் முதன்மைப் பிரிவின் பதிப்பாளர் 2025 ஜனவரியில் இனி தன் எழுத்தாளர்களை அதற்குக் கட்டாயப்படுத்தப்போவதில்லை என்று அறிவித்தார். அவர் செய்தது நல்ல காரியம். ஒரே முகவரையோ ஒரே பதிப்பகத்தையோ சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் புகழ்ந்து எழுதும் இரண்டு வரியை நம்பி ஒரு பதினாறு வயதுப் பிள்ளை ஏன் புத்தகம் தேர்ந்தெடுக்க வேண்டும்?

இந்த நாவலுக்குச் செய்த விளம்பரம் முழுக்க 'எனிமீஸ் டு லவ்வர்ஸ்' என்ற ஒன்றைச் சுற்றியே. எதிரிகளாக இருந்து காதலர்களாவது. அந்தக் கதைப்போக்கு எனக்கு மிகவும் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் இதில் என்ன நடக்கிறது? ஒரே உதவித்தொகைக்குப் போட்டி போடும் இரண்டு மாணவர்கள். முதல் கால்பங்கு முழுக்க முறைப்பு. அப்புறம் ஒரு மழை, பழுதாகி வழியில் நின்ற ஒரு பேருந்து, இரண்டு பேருக்கும் ஒரே போர்வை. விடிந்ததும் அவளுக்கு அவன்மேல் காதல். அந்த இரவில் அவனைப் பற்றி அவள் புதிதாகத் தெரிந்துகொண்டது எதுவுமே இல்லை. அவன் கண் என்ன நிறம், சட்டையில் என்ன வாசம், அவ்வளவுதான். முதல் நாள் வரை "இவன் நேர்மையில்லாதவன்" என்று நினைத்தாளே, அந்த எண்ணம் எங்கே போயிற்று? பேருந்திலிருந்து இறங்கும்போது அதையும் விட்டுவிட்டு வந்துவிட்டாளா?

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை நாம் இரண்டு பேரும் எத்தனை தடவை பேசியிருப்போம். மொத்தம் 61 அத்தியாயம். 34ஆவது அத்தியாயத்தில் டார்சி காதலைச் சொல்கிறான், எலிசபெத் முகத்துக்கு நேரே மறுக்கிறாள். மறுநாள் அவன் கொடுக்கும் கடிதத்தை முதலில் கோபத்தோடுதான் படிக்கிறாள். பிறகு திரும்ப எடுத்துப் படிக்கிறாள். டார்சியைப் பற்றி விக்கம் என்பவன் தப்பாகச் சொன்ன ஒவ்வொன்றையும் நினைவில் புரட்டிப் பார்க்கிறாள். முன்பின் தெரியாத தன்னிடம் விக்கம் அத்தனை விஷயத்தையும் கொட்டியதே முறையில்லையே என்று அப்போதுதான் உறைக்கிறது. அதற்கப்புறம்கூட அவளுக்கு உடனே காதல் வந்துவிடவில்லை, தன்னை நினைத்து வெட்கம்தான் வருகிறது. டார்சியின் பெம்பர்லி மாளிகையில், அவனை நான்கு வயதிலிருந்து தெரிந்த பணிப்பெண் அவனைப் பற்றிப் பேசுவதை அவள் கேட்பது 43ஆவது அத்தியாயத்தில். ஒரு வெறுப்பு கரைய ஆஸ்டின் அவ்வளவு இடம் கொடுக்கிறார். ஒவ்வொரு கட்டத்திலும் அவளுக்கு ஏதோ ஒன்று புதிதாகத் தெரியவருகிறது, அதற்கேற்ப அவள் கொஞ்சம் மாறுகிறாள். படிக்கிற நாமும் கூடவே மாறுகிறோம். அந்த மாற்றத்தைப் பார்க்கத்தானே இப்படிப்பட்ட கதைகளைத் தேடிப் போகிறோம்?

இன்னொன்று. ஓர் அத்தியாயம் அவள் சொல்வது, அடுத்தது அவன் சொல்வது என்று மாறி மாறி வருகிறது. மேலே பெயர் போடாவிட்டால் பேசுவது யார் என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே மொழி, ஒரே அளவு வாக்கியம், ஒரே மாதிரிக் கோபம். இரண்டு குரல் இருந்தால் ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேர் வேறு வேறாகப் பார்ப்பதையாவது காட்டலாம். இங்கே அவள் சொன்னதையே அவனும் இன்னொரு முறை சொல்கிறான். அவளுடைய தோழி என்று ஒருத்தி வருகிறாள், பாவம், அவளுக்கு "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

என்னை உண்மையிலேயே வருத்தியது நடுவில் வரும் அந்தக் கைபேசிக் காட்சி. உனக்கும் நினைவிருக்கும். அவள் தூங்கும்போது அவன் அவளுடைய போனை எடுத்து, பழைய நண்பன் ஒருவன் அனுப்பிய செய்திகளையெல்லாம் படித்துவிட்டு, காலையில் சண்டை போடுகிறான். அவள் அழுகிறாள், மன்னிப்புக் கேட்கிறாள். அவள்தான் கேட்கிறாள்! அடுத்த வரியில் "என்னை இழந்துவிடுவோமோ என்று இவ்வளவு பயப்படுகிறானே" என்று மனம் குளிர்கிறாள். கதையில் யாரும் இதைத் தவறு என்று சொல்லவில்லை, அவள் தோழிகூட இல்லை. ஒரு பாத்திரம் தப்பு செய்வது எனக்குப் பிரச்சினை இல்லை. பொறாமையும் சந்தேகமும் முதல் காதலில் இருக்கத்தான் செய்யும், அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுதுகிறவர் அந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். இவர் பின்னணி இசை போட்டுவிட்டுக் கடந்துபோகிறார். இன்னும் காதலித்தே பார்த்திராத பிள்ளைகள் படிக்கும் புத்தகம் என்பதால்தான் எனக்கு இது இவ்வளவு உறுத்துகிறது. தன்னைக் கண்காணிப்பவனை அன்பானவன் என்று ஒரு பெண் நினைக்கத் தொடங்கினால், வெளியே வர அவளுக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று நாம் பார்த்திருக்கிறோம்.

முடிவும் அதே மாதிரிதான். ஐந்து வருஷம் கழித்து மோதிரம், கடற்கரை, சுபம். ஜூடி ப்ளூம் 1975இல் எழுதிய 'ஃபாரெவர்' நாவலை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காதலித்து உடலால் சேரும் பெண்கள் தண்டனையாகச் செத்துப்போகும் கதைகளே வந்துகொண்டிருந்த காலம் அது. யாரும் சாகாத ஒரு காதல் கதை வேண்டும் என்று அவருடைய மகளே கேட்டதால்தான் அதை எழுதினார். அதில் அந்தப் பெண் முதல் காதலில் முழுமனதோடு இருக்கிறாள், என்றைக்கும் இது இப்படியே இருக்கும் என்று நம்புகிறாள், பிறகு மனம் வேறு பக்கம் போகிறது. அதற்காகக் கதை அவளைத் தண்டிக்கவில்லை, முன்பிருந்த அன்பு பொய் என்றும் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தைப் பல பள்ளி நூலகங்கள் அலமாரியிலிருந்து எடுத்தன. ஆனாலும் வயதுப் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்ல அவருக்குத் துணிச்சல் இருந்தது. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து வந்திருக்கும் இந்த நாவல் அதைவிடப் பயந்தாங்கொள்ளியாக இருக்கிறது.

ஆனால் ஒரு காட்சியைச் சொல்லாமல் விடக்கூடாது. அவளுடைய தாத்தா மருத்துவமனையில் படுத்திருக்கிறார், அவள் இரவெல்லாம் காத்திருக்கிறாள், அவன் வருகிறான். ஆறுதல் சொல்வதில்லை, கையைப் பிடிப்பதில்லை. பக்கத்தில் கிடக்கும் பழைய செய்தித்தாளை எடுத்து, விளையாட்டுப் பக்கத்தைத் தாத்தாவுக்கு மெதுவாக வாசித்துக் காட்டுகிறான். கிழவர் கண்ணை மூடிக்கொண்டே ஒரு ஸ்கோரைத் திருத்துகிறார். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். இரண்டே பக்கம்தான். அங்கேதான் அவனைப் பற்றி அவளுக்கு ஏதோ புதிதாகத் தெரியவருகிறது, எனக்கும் அவனைப் பிடித்துப்போனது. எழுதத் தெரிந்தவர்தான், கலா. இப்படி இன்னும் நாலைந்து காட்சி எழுதியிருந்தால் மழையும் போர்வையும் தேவைப்பட்டிருக்காது.

ஏன் எழுதவில்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ரசிகர்கள் தாங்களே எழுதிப் பகிரும் கதைகளில் அடையாளச் சொற்கள் போடும் வழக்கம் உண்டு. 2009இல் தொடங்கிய 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்தில் அது மிக நேர்த்தியாகவே நடக்கிறது. போலிக் காதல், ஒரே படுக்கை, எதிரிகள் என்று குறித்திருப்பார்கள், படிப்பவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார், வேண்டாததைத் தவிர்ப்பார். வாசகருக்கு அது பெரிய வசதி. அங்கே எழுதும் பிள்ளைகள் சிலர் அற்புதமாக எழுதுகிறார்கள், எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. கோளாறு எங்கே என்றால், கதையைத் தேட உதவிய அதே சொற்களை விற்பனைக்காரர்கள் கதை செய்வதற்கான பட்டியலாக ஆக்கிக்கொண்டதில். கொடுத்த தலைப்புகளையெல்லாம் தொட்டால் போதும் என்று எழுதிய பரீட்சைத்தாள் மாதிரி இருக்கிறது இந்த நாவல். எல்லாக் கேள்விக்கும் விடை இருக்கிறது, அந்தப் பெண் யார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. போட்டியில் வென்றால் என்ன படிப்பாள், தனியாக இருக்கும்போது எதை நினைத்துச் சிரிப்பாள் என்று ஒரு வரியாவது உண்டா? எனக்கு அகப்படவில்லை.

நிலா விஷயத்துக்கு வருகிறேன். அவள் அழுததை நீ லேசாக எடுத்துக்கொள்ளாதே. அந்த வயதில் புத்தகத்தில் இல்லாததையெல்லாம் நாமே கொண்டுபோய் நிரப்பிக்கொள்வோம். அவளுடைய தாத்தா போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லையே, எந்தப் பக்கத்தில் அழுதாள் என்று கேட்டாயா? "இதில் என்ன இருக்கிறது" என்று நீ ஒரு வார்த்தை சொன்னாலும் அவள் அடுத்த புத்தகத்தை உன்னிடம் காட்டமாட்டாள். பிடித்த இடங்களைக் காட்டச் சொல், அவளோடு உட்கார்ந்து படி. கைபேசிக் காட்சியை மட்டும் விடாதே. "உன் போனை ஒருத்தன் இப்படி எடுத்துப் படித்தால் உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேள். புத்திமதியாகச் சொல்லாதே, கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. அவள் புத்திசாலி, பதில் அவளிடமே இருக்கும்.

ஜூடி ப்ளூம் நாவலை அனுப்புகிறேன். உடலுறவைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது, அதனால் முதலில் நீ படித்துவிட்டு எப்போது கொடுப்பது என்று முடிவு செய். கூடவே 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' பிரதி ஒன்றும் வைக்கிறேன், பெரிய எழுத்துப் பதிப்பு, அதை உடனே அவளிடம் கொடுத்துவிடலாம். படித்தபின் அவளையே எனக்கு எழுதச் சொல். எனக்குப் பிடிக்காத அந்த நாவலை அவள் விட்டுக்கொடுக்காமல் வாதாடி எழுதினால் ரொம்பச் சந்தோஷம், ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுதுவேன்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று நீ ஒன்றும் எழுதவில்லை, அடுத்த கடிதத்தில் மறக்காதே.

அன்புடன்,
வசந்தி