பழி நைரோபிக்கு, பத்திரம் லண்டனுக்கா?

பிரிட்டன் வெளியுறவு அமைச்சருக்கும், அந்தத் துறையின் பழைய கோப்புகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2023 அக்டோபர் கடைசியில் உங்கள் மன்னர் சார்லஸ் நைரோபிக்குப் போனார். விடுதலை கேட்ட கென்யர்கள் மீது நடந்த வன்முறைக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது என்றார். வருத்தமும் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் கவனமாகத் தாண்டிப் போய்விட்டார். சரி, அது இருக்கட்டும். நான் கேட்க வந்தது மன்னிப்பு அல்ல. கென்யாவின் கோப்புகளைக் கென்யாவுக்கு அனுப்பி வையுங்கள். அசல் கோப்புகளை.

எந்தக் கோப்புகள் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1963 டிசம்பர் 12 அன்று கென்யா விடுதலை பெறும் முன் பெட்டி பெட்டியாகக் கட்டி லண்டனுக்குக் கொண்டுபோனவை. அரை நூற்றாண்டு யாருக்கும் சொல்லாமல் மறைத்து, கடைசியில் உங்கள் துறையின் பாதுகாப்பு வளாகமான ஹான்ஸ்லோப் பார்க்கில் அடுக்கி வைத்திருந்தவை. 2011இல் நீதிமன்றம் கதவைத் தட்டிய பிறகுதான் வெளியே தெரிந்தது, கென்யாவுடையது மட்டுமல்ல, மொத்தம் 37 முன்னாள் காலனிகளின் கோப்புகள் அங்கே இருக்கின்றன என்று.

முகாம்களில் நடந்த கொடுமைக்கு நஷ்டஈடு கேட்டு அந்த வழக்கைப் போட்டவர்களில் ஒருவர் வம்புகு வா ஞிங்கி. உங்கள் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் போராட்டத்தை நீங்கள் ஒடுக்கியபோது 1952இல் கைதானவர். விசாரணை என்ற பேச்சே இல்லாமல் ஆண்டுக் கணக்கில் முகாம் முகாமாக அடைத்து வைத்தீர்கள். 1959 மார்ச் 3 அன்று ஹோலா முகாமில் வேலை செய்ய மறுத்த கைதிகளைக் காவலர்கள் தடியால் அடித்ததில் 11 பேர் செத்தார்கள். ஞிங்கி மயங்கி விழுந்தார். செத்துவிட்டார் என்று நினைத்து அவரையும் பிணங்களோடு போட்டுவிட்டார்கள். உங்கள் நிர்வாகம் முதலில் வெளியிட்ட அறிக்கை என்ன சொன்னது? தண்ணீர் குடித்த பிறகு இறந்துபோனார்களாம்.

ஐம்பது ஆண்டு கழித்து அந்த மனிதர் மற்ற முதியவர்களோடு சேர்ந்து லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தார். அங்கே உங்கள் வழக்கறிஞர்கள் வைத்த முதல் வாதம் இது: காலனி ஆட்சியின் பொறுப்பு முழுவதும் 1963இல் கென்ய அரசுக்குக் கைமாறிவிட்டது, எனவே எங்களைக் கேட்காதீர்கள். நீதிபதி அதை ஏற்கவில்லை. நான் ஒரு நிமிடம் ஏற்றுக்கொண்டு கேட்கிறேன். பொறுப்பு கைமாறியது என்றால் அதன் காகிதங்கள் ஏன் கைமாறவில்லை? அடித்த பழி கென்யாவுக்கு, அடித்ததற்கான பத்திரம் உங்களுக்கா? வீட்டை விற்றவர் கடனை வாங்கியவர் தலையில் கட்டிவிட்டு, மூலப்பத்திரத்தை மட்டும் தன் பீரோவில் வைத்துக்கொண்டால் அதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர்.

2013இல் 5,228 பேருக்காக, வழக்குச் செலவும் சேர்த்து 1 கோடியே 99 லட்சம் பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டீர்கள். நல்லது. ஆனால் பணத்தோடு கோப்புகள் போகவில்லை. அவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குத்தான் போயின. 'பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டோம்' என்கிறீர்கள். எந்தப் பொதுமக்கள்? தன் தாத்தாவை எந்த முகாமில், எந்தக் குற்றத்துக்காக அடைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள நினைக்கும் கென்யாவின் ஞேரி ஊர்ப் பெண் முதலில் உங்களிடமே விசா கேட்க வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும். வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று உங்கள் அதிகாரியை நம்பவைக்க வேண்டும். அவள் தாத்தாவை முகாமுக்கு அனுப்பியபோது இத்தனை காகிதம் நீங்கள் கேட்கவில்லை.

இத்தனைக்கும் இது மிஞ்சியவற்றின் கதை. 1961இல் காலனி அமைச்சர் இயன் மெக்லியோட் அனுப்பிய உத்தரவு உங்களிடமே இருக்கிறது: பிரிட்டிஷ் அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய எதையும் புதிய அரசிடம் ஒப்படைக்கக் கூடாது. அப்புறம் எரிக்கும் முறை. காகிதம் முழுக்கச் சாம்பலாக வேண்டும், சாம்பலையும் கிளறி உடைக்க வேண்டும். கடலில் போடுவதானால் பெட்டியில் கனம் கட்டி, கரையிலிருந்து தூரமாக, நீரோட்டம் இல்லாத ஆழத்தில் போட வேண்டும். ரகசியக் கோப்புகளைத் தொடக்கூட ஐரோப்பிய வம்சாவளி அதிகாரிக்குத்தான் அனுமதி. முகாம்களை நடத்தியதில் இந்த அக்கறையில் கால்வாசி காட்டியிருக்கலாம்.

மாவ் மாவ் போராளித் தலைவர் தேதான் கிமாதியை 1957 பிப்ரவரி 18 அன்று நைரோபி அருகே காமிதி (Kamiti) சிறையில் தூக்கிலிட்டு அடையாளம் இல்லாமல் புதைத்தீர்கள். அவர் மனைவி முகாமி வாழ்நாள் முழுக்கக் கேட்டது கணவரின் எலும்புகளை. 2023 மே மாதம் அவரும் போய்விட்டார், உங்கள் மன்னர் வருவதற்குச் சில மாதம் முன்பு. புதைத்த இடத்தைப் பற்றிய குறிப்பு உங்கள் அலமாரியில் இருக்கிறதா, சாம்பலாகிவிட்டதா என்பதுகூட அவருக்குத் தெரியாமலே போனது.

கென்ய அரசுகளும் யோக்கியம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மாவ் மாவ் இயக்கத்தின் மீது நீங்கள் போட்ட தடையை எடுக்க அவர்களுக்கு 2003 வரை ஆனது. பிரான்சும் அல்ஜீரியாவின் காகிதங்களை எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் வைத்துக்கொண்டு இதே ஆட்டம்தான் ஆடுகிறது. ஆனாலும் அவர்கள் 2020இல் அல்ஜீரியாவுக்கு 24 மண்டையோடுகளையாவது திருப்பித் தந்தார்கள். உங்களால் காகிதம்கூடத் தர முடியவில்லை.

இதில் ஒரு தமிழனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த 37 காலனிகளில் இலங்கை இருக்கிறது, மலாயா இருக்கிறது, மொரிசியஸ் இருக்கிறது. மலாயாவில் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கில் போட்டீர்கள். 1957இல் கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரி நிறையக் கோப்புகள் சிங்கப்பூர்க் கடற்படையின் எரியுலைக்குப் போயின. அந்த லாரிகளில் என்ன போயிற்று என்று நாங்கள் யாரைக் கேட்பது?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கென்யா 1967லேயே இந்தக் கோப்புகளைக் கேட்டது. அதே கோரிக்கையைத்தான் பணிவோடு திரும்ப வைக்கிறேன். கென்யக் கோப்புகளின் அசலை நைரோபிக்கு அனுப்புங்கள். எரித்தவற்றுக்கு நீங்கள் எழுதி வைத்த அழிப்புச் சான்றுகள் மிஞ்சியிருந்தால் அவற்றையும் கூடவே வையுங்கள். கென்யத் தேசிய ஆவணக் காப்பகம் மோய் அவென்யூவில், உங்கள் காலத்தில் வங்கிக்காகக் கட்டிய கட்டடத்திலேயே இருக்கிறது; வழி தெரியாமல் போகாது. நகல் தேவை என்றால் நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டியவர்கள் லண்டனிலேயே உட்கார்ந்து பார்க்கட்டும், விசா வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்க்கும்
ஒரு வரலாற்று ஆசிரியர்