மூச்சு விட வழியில்லாமல் அழுகிய வேர்கள்: உங்கள் மண்கலவை பற்றிய புகார்

பெறுநர்
பொறுப்பாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உட்புறச் செடிகளுக்கான உங்கள் மண்கலவையால் ஏற்பட்ட வேரழுகல், பணத்தைத் திருப்பித் தரவும் கையேட்டைத் திருத்தவும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வீட்டுக்குள் வளர்க்கும் தொட்டிச் செடிகளுக்கென்று நீங்கள் விற்கும் மண்கலவையில் 10 லிட்டர் பை இரண்டு வாங்கினேன். பையின் முகப்பில் ‘காற்றோட்டமுள்ள கலவை, மூன்றில் ஒரு பங்கு பெர்லைட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பெர்லைட் என்பது மண்ணில் காற்றுக்கு இடம் விடும் இலேசான வெள்ளைக் குருணை. அதை நம்பி ஒன்பது செடிகளை அந்தக் கலவைக்கு மாற்றினேன். இரண்டே மாதத்தில் நான்கு செத்துவிட்டன. மூன்று இன்னும் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் சேவைப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, நான் தண்ணீர் அதிகமாக ஊற்றியதுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அது உண்மையில்லை. ஏன் இல்லை என்பதை விவரமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வாடியது பீஸ் லில்லி. ஆறு வருடமாக என்னிடம் இருந்த செடி. ஒருநாள் காலையில் பார்த்தால் இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. தண்ணீர் ஊற்றினேன். வழக்கமாக இந்தச் செடி தண்ணீர் கண்ட சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். இந்த முறை நிமிரவில்லை. மறுநாள் இன்னும் சாய்ந்தது. மூன்றாம் நாள் தொட்டியைக் கவிழ்த்துச் செடியை வெளியே எடுத்தேன்.

மண் ஒரே கட்டியாக வந்தது. மேலே ஒரு அங்குலம் மட்டும் காய்ந்திருக்க, அதற்குக் கீழே பிசைந்த மாவு மாதிரி கொழகொழவென்று இருந்தது. கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. அழுகிய முட்டை நாற்றம் வேறு. வெள்ளையாக, உறுதியாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பாகிப் போயிருந்தன. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தேன். மேல்தோல் உறை கழல்வது போலக் கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. செடி வளர்ப்பவர்கள் யாருக்கும் இதைப் பார்த்தால் நெஞ்சு பதறும்.

வேரும் சுவாசிக்கிறது. மண்துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துத்தான் அது வேலை செய்கிறது. அந்த இடைவெளி முழுவதும் தண்ணீர் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் வேருக்குப் போய்ச் சேராது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மூச்சுத் திணறும் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈரத்தில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. வாடியதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுகிறோம், வேர் இன்னும் வேகமாக அழுகுகிறது. வீட்டுக்குள் வெயிலும் காற்றும் குறைவு, மண்புழுவும் கிடையாது. ஈரம் சீக்கிரம் காய்வதற்கோ, மண் தானாக இளகுவதற்கோ வழியே இல்லை. ஆகவே உட்புறத் தொட்டியில் காற்றுக்கான இடம் கலவையிலேயே இருந்தாக வேண்டும். நான் காசு கொடுத்து வாங்கியதே அதற்காகத்தான்.

உங்கள் கலவையில் அது இல்லை என்பதை ஊகமாகச் சொல்லவில்லை, அளந்து பார்த்துச் சொல்கிறேன். ஒரு லிட்டர் கலவையை வாளித் தண்ணீரில் போட்டு நன்றாகக் கலக்கி விட்டேன். பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடியை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் பொரித்து எடுப்பது, எடையே இல்லாத மாதிரி தண்ணீரில் மிதக்கும். மிதந்த வெள்ளைக் குருணைகளை எல்லாம் வடிகட்டிச் சேர்த்தேன். மூன்றில் ஒரு பங்கு என்றால் 330 மில்லி அளவுக்காவது வந்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது முழுசாக இரண்டு மேசைக்கரண்டி கூட இல்லை. இரண்டாவது பையிலிருந்தும் எடுத்துப் பார்த்தேன், அதே கதைதான். மற்றபடி பையில் இருந்தது தூள் தூளான தென்னை நார்க்கழிவும் களிமண் சேர்ந்த பொடியும். இரண்டும் நனைந்தால் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

அப்புறம் இன்னொரு சோதனையும் செய்தேன். அடியில் துளையுள்ள ஒரு டப்பாவில் துளையை டேப் போட்டு அடைத்து, ஒரு லிட்டர் கலவையை நிரப்பி, மண் முழுவதும் நனைந்து மேலே தண்ணீர் மினுங்கும் வரை மெதுவாக ஊற்றினேன். ஒரு மணி நேரம் கழித்து டேப்பை எடுத்துவிட்டு, வடிந்த தண்ணீரைப் பிடித்து அளந்தேன். எவ்வளவு தண்ணீர் வடிகிறதோ அவ்வளவு இடத்தில்தான் காற்று நுழைகிறது. உங்கள் கலவையில் வடிந்தது 40 மில்லி, அதாவது 4 சதவீதம். தொட்டிக் கலவைக்குக் குறைந்தது 10 சதவீதமாவது வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. டப்பாவின் உயரம் மாறினால் கணக்கும் மாறும் என்பது எனக்குத் தெரியும். அதனால் அதே டப்பாவில், நானே கலந்த கலவையையும் போட்டுப் பார்த்தேன். நார்க்கழிவு இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, நறுக்கிய மரப்பட்டை ஒரு பங்கு. அதில் 170 மில்லி வடிந்தது.

கலவையைவிட எனக்கு அதிக வருத்தம் தந்தது பையோடு வந்த கையேடு. ‘தொட்டியின் அடியில் இரண்டு அங்குலம் கூழாங்கல் பரப்புங்கள், தண்ணீர் நன்றாக வடியும்’ என்கிறது அது. நடப்பது நேர்மாறு. நைசான மண்ணில் இருக்கும் தண்ணீர், தனக்குக் கீழே உள்ள பெரிய இடைவெளிகளுக்குள் சட்டென்று இறங்காது. மண்ணின் அடிப்பகுதி தளும்ப நனைந்த பிறகுதான் சொட்டத் தொடங்கும். கல் போடாவிட்டால் அந்தச் சொதசொத அடுக்கு தொட்டியின் அடியில் இருக்கும். கல் போட்டால் அப்படியே இரண்டு அங்குலம் மேலேறி வேர்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நனைந்த ஸ்பாஞ்சு ஒன்றைப் படுக்க வைத்து, சொட்டுவது நின்றதும் நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள், மறுபடி சொட்டும். உயரம் கூடினால்தான் தண்ணீர் இறங்கும். உங்கள் கையேடு அந்த உயரத்தைத்தான் குறைக்கச் சொல்கிறது.

காற்றூட்டும் குச்சி என்று ஒன்றையும் பையில் வைத்திருக்கிறீர்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு அதை அடிவரை இறக்கித் துளையிட வேண்டுமாம், அதுவும் வாரம் இரண்டு முறை. சொன்னபடியே செய்தேன். மான்ஸ்டெரா செடியின் தொட்டியிலிருந்து குச்சியை உருவியபோது அதன் நுனியில் மூன்று வெள்ளை வேர்கள் அறுந்து ஒட்டிக்கொண்டிருந்தன, பால் நிறத்தில், உயிரோடு. அந்த ஒரு காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. நல்ல வேரை அறுத்து, அந்தக் காயத்தைச் சேற்றில் விட்டால் அழுகல் நோய் நுழையாமல் என்ன செய்யும்? ஈர மண்ணில் போட்ட துளையின் சுவரும் மெழுகியது போல இறுகிப் போகிறது, அடுத்த முறை தண்ணீர் ஊற்றினால் துளையும் மூடிக்கொள்கிறது. மேல்மண் ஏடு கட்டியிருந்தால் முள்கரண்டியால் லேசாகக் கீறி விடுவது நல்லதுதான், நானும் செய்வேன். ஆனால் அடிமண்ணில் காற்றே இல்லாத கலவையைக் குச்சி காப்பாற்றாது.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். பீஸ் லில்லி வாடியபோது கூடுதலாக ஊற்றியது உண்மைதான். மற்ற எட்டுத் தொட்டிகளுக்கும் மேல்மண் காய்ந்தால் மட்டுமே ஊற்றினேன், கையேடும் அப்படித்தான் சொல்கிறது. மேலே காய்ந்தும் அடியில் பத்து நாளாகச் சேறாகவே இருக்கும் கலவையில், மேல்மண்ணைப் பார்த்து ஊற்றுகிறவர் எப்படித் தப்பிப்பார்? மிச்சமிருந்த ஐந்து செடிகளின் வேரைக் கழுவி, அழுகியதை வெட்டி, என் சொந்தக் கலவைக்கு மாற்றி மூன்று வாரம் ஆகிறது. ஊற்றும் கை அதேதான், இடமும் அதேதான். ரப்பர் செடியில் நேற்று புது இலைமொட்டு வந்திருக்கிறது.

இரண்டு பைகளுக்கும் நான் கொடுத்த பணத்தை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். பையில் பெர்லைட் எவ்வளவு என்று அச்சடிக்கிறீர்களோ அவ்வளவையும் கலவையில் போடுங்கள். போட முடியாதென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். காற்றுக்கான இடம் எத்தனை சதவீதம் என்பதையும் பையில் போட்டால் வாங்குகிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். கூழாங்கல் பற்றிய பத்தியையும் குச்சி பற்றிய பத்தியையும் அடுத்த அச்சிலேயே நீக்க வேண்டும். புதிதாகச் செடி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் உங்கள் கையேட்டை அப்படியே நம்புவார்கள். செடி செத்தால் தன் கைராசி சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் மிகவும் கவலை.

அழுகிய வேர்கள், வாளியில் மிதந்த பெர்லைட், அளவுக் குவளை, பையில் உள்ள தயாரிப்பு எண், வாங்கிய ரசீது ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன். இரண்டாவது பையில் மீதியுள்ள 5 லிட்டர் கலவையைக் கட்டி வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு வேண்டுமென்றால் ஆளனுப்பி எடுத்துக்கொள்ளலாம். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்