திவ்யாவோட ஸ்கோப் ரிப்போர்ட்டை எடுத்து வை

வசந்தி,

மூணு மாசமா உன் போனை எடுக்கல, நேர்ல வந்து எவ்ளோ வேணா திட்டிக்கோ. அம்மா நல்லா இருக்காங்க, அவரும் அப்படியே. திவ்யாவுக்கு அடிக்கடி வயித்து வலி, ரத்தம் வேற கம்மின்னு நேத்து கோமதி சொன்னா, அதுக்கப்புறம் எழுதாம இருக்க முடியல.

கார்த்திக்கு கிரோன்ஸ்னு ஒரு நோய்டி. குடல்ல புண்ணு. தீபாவளிக்கு வந்தப்ப ஒட்டடைக்குச்சின்னு கிண்டல் பண்ணியே, அப்பவே எட்டு கிலோ கொறஞ்சிருந்தான், நான் ஹாஸ்டல் சாப்பாடுன்னு விட்டுட்டேன். சாப்ட்ட கொஞ்ச நேரத்துல வலது பக்கம் அடிவயித்த பிடிச்சிட்டு சுருண்டுக்குவான். முதல்ல போன எடத்துல பின்பக்கமா கேமரா குழாய விட்டு ஸ்கோப் பண்ணி பெருங்குடல் சுத்தமா இருக்கு, எல்லாம் டென்ஷன்னு அனுப்பிட்டாங்க. பெருங்குடல் சுத்தம்தான்டி, புண்ணு இருந்தது அதுக்கு அந்தப் பக்கம், சிறுகுடல் முடியற எடத்துல, அங்க குழாய கொண்டு போகவே இல்ல!

ரெண்டாவது டாக்டர் சீட்டுக்குப் பின்னாடி குடல வரைஞ்சு காட்டினார். கொஞ்ச தூரம் பேனாவால கிறுக்கினார், அப்புறம் ஒரு ஜாண் வெள்ளையா விட்டார், மறுபடி கிறுக்கல். இது விட்டு விட்டுதான் வருமாம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு இதே மாதிரி இன்னொரு குடல் புண்ணு நோய் இருக்கு, அதுன்னா மலக்குடல்ல ஆரம்பிச்சு மேல தொடர்ச்சியா போகும், உள்பூச்சோட நிக்கும். இது வாயிலேர்ந்து ஆசனவாய் வரைக்கும் எங்க வேணா வரும், குடல் சுவரையே முழுசா துளைச்சிட்டுப் போகும், அதனாலதான் குடல் சுருங்குது, ஓட்டை போட்டுக்கிட்டு வேற எடத்துல வந்து தொறக்குது. எனக்கு தூக்கம் போனது அந்த வெள்ளை எடத்தாலதான். அங்க மட்டும் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னா நாம சந்தோஷமா வீட்டுக்கு வந்துடுவோம்ல?

1932ல நியூயார்க் மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரில கிரோனும் கூட ரெண்டு டாக்டரும் 14 பேஷண்ட பத்தி எழுதினாங்களாம், அவங்களுக்கும் இதே எடம்தான், சிறுகுடலோட கடைசி. நம்ம ஊர்ல டிபியும் அங்கயேதான் வந்து உக்காருமாம், அதனால மூணு மாசம் டிபி மாத்திரை குடுத்து மறுபடி ஸ்கோப் பண்ணாங்க, புண்ணு அப்படியே இருந்துச்சு. இப்ப ஸ்டீராய்டு, கூட பி12 ஊசி, அது உறிஞ்சற எடமே கெட்டுப் போச்சே. வலி விட்டிருக்கு, நேத்து ரெண்டு இட்லி கூடக் கேட்டு சாப்ட்டான்.

இன்னொண்ணு. அவனுக்கு பின்பக்கம் ஒரு கட்டி இருந்திருக்கு, ஒரு வருஷமா யார்கிட்டயும் சொல்லல, பவுத்திரம்னு எவனோ குடுத்த களிம்பத் தடவிட்டு இருந்திருக்கான். வெக்கம். நான் பெத்தவ, எனக்கே தெரியல. நீ திவ்யாவத் தனியா உக்கார வெச்சு கேளு, கோவப்படாம கேளு.

அவளுக்கு இதுவா இருக்கணும்னு இல்ல, சாதாரண விஷயமாவே இருக்கட்டும். ஆனா ஸ்கோப் பண்ணிருந்தா ரிப்போர்ட்ல ஐலியம், அதான் அந்த சிறுகுடலோட கடைசி பாகம், பாத்தாங்கன்னு இருக்கான்னு பாரு, இல்லன்னா ஏன் பாக்கலன்னு டாக்டர்கிட்ட கேளு, குடல்ல அழற்சி இருக்கான்னு மலத்த வெச்சுப் பாக்கற கால்ப்ரொடெக்டின் டெஸ்ட் எடுக்கலாமான்னும் கேளு. இன்னைக்கு ராத்திரியே போட்டோ எடுத்து அனுப்பு, நான் முழிச்சுதான் இருப்பேன்.

மீனா