வாக்குச்சீட்டில் இல்லாத தாள்கள்

ஆசிரியருக்கு,

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகியது சரியா, பிரிட்டனிலேயே ஸ்காட்லாந்து நீடிக்கலாமா என்று விவாதிப்பவர்கள் மானம், பெருமை என்றே பேசுகிறார்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன் ஏற்றுமதி தெரிந்தவர்கள் முதலில் சான்று, படிவம் ஆகிய தாள்களைத்தான் கேட்பார்கள்.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் விலகச் சொன்னார்கள். விலகி எந்த ஏற்பாட்டுக்குப் போவது என்பது சீட்டில் இல்லை. விலகுவதற்கான இரண்டு ஆண்டு அவகாசம் மூன்று முறை நீண்டு, 2020 ஜனவரி 31-ல்தான் வெளியேறினார்கள். இடைக்கால ஏற்பாடு முடிந்த 2021 ஜனவரியில் ஸ்காட்லாந்து இறாலுக்கும் நண்டுக்கும் ஐரோப்பாவில் சுங்க வரி பூஜ்யம்தான். ஆனால் சுகாதாரச் சான்று, சட்டப்படி பிடித்ததற்கான பிடிப்புச் சான்று, சுங்கப் படிவம் வேண்டும். பல வியாபாரிகளின் பெட்டிகள் ஒரே லாரியில் போகும். ஒருவர் படிவத்தில் பிழை என்றால் மொத்த லாரியும் நிற்கும். உயிர் நண்டு காத்திருக்குமா?

2014-ல் 55.3 சதவீத ஸ்காட்லாந்துக்காரர்கள் பிரிட்டனோடு நீடிக்க வாக்களித்தார்கள். 2016-ல் அவர்களில் 62 சதவீதம் பேர் ஐரோப்பாவோடு இருக்க விரும்பினார்கள். அவர்கள் கோபம் நியாயமே. ஆனால் அவர்களின் பெரிய சந்தை இங்கிலாந்து. பிரிந்து ஒன்றியத்தில் சேர்ந்தால் அதே படிவங்கள் இங்கிலாந்துடனான தரை எல்லைக்கு வரும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது சரியான முடிவு. இருந்தும் நெய்யாறு அணை கேரளத்தில் நின்றது; இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு 2004 முதல் தண்ணீர் இல்லை. ஒரே நாட்டுக்குள்ளேயே இந்த நிலை! ஸ்காட்லாந்து பிரிய வேண்டும் என்பவர்கள் எல்லை, நாணயம், கடன் பங்கு, மீன்பிடி உரிமை எல்லாம் எழுதிய வரைவை முதலில் வெளியிட்டு, அதன்மேல் வாக்கு கேட்கட்டும்.

– வாசகர், கருங்கல்